இல்லம் எழுப்புதலும் கொல்லா நெறியும்

தமிழில் 'வீடு' என்னும் சொல் இருபொருள் தருவது. நாம் உண்டு உறங்கி வாழும் மனையும் வீடு. வினைகள் யாவும் கழன்றபின் உயிர் எய்தும் நிலையும் வீடு. முன்னதை நாம் கட்டுகிறோம். பின்னதை அடையவோ கட்டுகளை அவிழ்க்க வேண்டும். நம் அறநூலோர் இல்லறத்தாரையும் துறவியரையும் வேறுபடுத்திக் காட்டவும் மனையையே அளவுகோலாகக் கொண்டனர். வடமொழியில் 'அகாரம்' என்றால் மனை. மனையோடு வாழ்பவன் சாகாரன். மனையைத் துறந்தவன் அநகாரன். ஆகவே, சிராவகன் யார் என்று வினவினால், வீடு உடையவன் என்பதே முதல் விடையாகிறது.

வீடு உடையவன் என்றால், அதனைக் கட்டியவன் அல்லது கட்டுவித்தவன். மண்ணை அகழாமலும், நீரை இறைக்காமலும், சூளைக்குத் தீ மூட்டாமலும், மரத்தை வீழ்த்தாமலும் வீடு கட்டியவர் உண்டோ? மண், நீர், தீ, காற்று, மரம் செடி கொடி ஆகிய ஐந்தையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்பது நம் கொள்கை. புல்லும் மரமும் ஓரறிவின என்பதைத் தொல்காப்பியரும் கூறியுள்ளார். அவ்வாறாயின், கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் மரத்தை வெட்டி மனை எழுப்புதல் தகுமா? தகும் எனில் அதற்கு வரம்பு யாது?

இந்த வினா நானாகத் தேடிக்கொண்டதன்று. என் மகள் வயிற்றுப் பேத்தி என்னைக் கேட்டது.

குகையும் அரண்மனையும்

2019-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் கன்னியாகுமரி மாவட்டம் சென்றிருந்தோம். முதலில் சிதறால் மலை. திருச்சாரணத்துமலை என்பது அதன் பழம்பெயர். பாறை முகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. குணந்தாங்கிக் குரத்தியார் என்னும் பெண் துறவி பகவதிக்குப் பொன்னணி அளித்த செய்தியைக் கூறும் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் அங்குண்டு. மேலே கவிந்து நிற்கும் பாறையே அங்கு வாழ்ந்தோர்க்குக் கூரை. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் சித்தன்னவாசலிலும் நாம் காணும் கற்படுக்கைகளும் இத்தகைய வாழ்வின் சான்றுகளே. ஒரு மரத்தையும் வீழ்த்தாமல், மலை தந்த இடுக்கில் தங்கிச் சென்றவர்கள் அவர்கள்.

அன்று பிற்பகல் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றோம். வேணாட்டு மன்னர்களின் தலைநகராய் விளங்கிய அவ்விடம், 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. முகப்பு மண்டபத்தின் மரக் கூரையில் 90 தாமரைகள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்பர். தாய்க் கொட்டாரம் என்னும் பழைய பகுதியில், ஒரே பலாமரத்தைக் கடைந்து செய்த தூண் ஒன்று நிற்கிறது. அதன் பூவேலைப்பாட்டைக் கண்டு நான் வியந்து நின்றபோது, பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் பேத்தி மெல்லக் கேட்டாள்:

"பாட்டி, காலையில் மலையில் ஒரு மரத்துக்கும் தீங்கு செய்யாதவர்களை வணங்கினோம். மாலையில் இத்தனை மரங்களை வெட்டியவர்களை வியக்கிறோம். இரண்டும் எப்படிப் பொருந்தும்?"

முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். மாணவர் வினாவுக்கு விடை தெரியாவிடில் 'நாளை சொல்கிறேன்' என்று கூறும் பழக்கத்தை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலேயே கற்றிருந்தேன். அன்றும் அவ்வாறே கூறினேன். அந்த நாளை வருவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

மரமனை எழும் முறை

விடை தேடுமுன், அத்தகைய மரமனைகள் எவ்வாறு எழுந்தன என்பதை அறிதல் நலம். தென் திருவிதாங்கூர்ப் பகுதி இருபருவ மழையும் பெறுவது. அருகே மலைக்காடுகள், தேக்கு, பலா, அயினி ஆகியவை அங்கு எளிதிற் கிடைத்தன. ஆதலின் அங்குள்ளோர் தூண், உத்திரம், கூரை மட்டுமன்றிச் சுவரையும் பலகையாலேயே அமைத்தனர். நிலத்தின் ஈரம் மரத்தைத் தீண்டாதிருக்கக் கருங்கல்லால் உயர்ந்த அடித்தளம். மழைநீர் விரைந்து வடியச் செங்குத்தான கூரை. சுவரில் சாரல் படாதிருக்கத் தாழ்ந்து நீண்ட இறவாரம். காற்று உலவச் சட்டங்கள் இடைவிட்ட பலகணி. வீட்டின் நடுவே தடித்த பலகைகளால் ஆன நெல்லறை. எல்லாவற்றையும் கோல் என்னும் அளவால் அளந்தனர். 24 அங்குலி கொண்டது ஒரு கோல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர்.

நம் தொண்டை மண்டலமோ வறண்ட பூமி. இங்கு மண்சுவரும் செங்கல்லும் சுவராயின. தூணுக்கும் உத்திரத்துக்கும் வேம்பு முதலிய மரங்களும், கூரைச் சட்டத்துக்கு வைரம் பாய்ந்த முதிர்பனையும் துணைநின்றன. நாட்டுக்கு நாடு பொருள் வேறாயினும், தச்சரின் ஒழுங்கு ஒன்றாகவே இருந்தது.

மரத்தைத் தெரிவதிலேயே அவ்வொழுங்கு தொடங்குகிறது. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத்சம்கிதையும், சிற்ப நூலாகிய மயமதமும் இதனை விரித்துரைக்கின்றன. பறவைகள் கூடு கட்டிய மரத்தை விலக்க வேண்டும். வெட்டுதற்கு முன்னர் அம்மரத்தில் உறையும் உயிர்களையும் தெய்வங்களையும் வேறிடம் பெயரும்படி வேண்டிக்கொள்ள வேண்டும். அச்சடங்கின் பின்னுள்ள நம்பிக்கை நம்முடையதன்று. எனினும், கோடரியை ஓங்குமுன் 'இங்கே குடியிருப்பவர் யார்' என்று ஒருகணம் நின்று கேட்கச் செய்தது அது.

வெட்டும் காலத்துக்கும் நெறி உண்டு. மழைக்காலத்தில் மரம் நீர் ஊறிச் சாறு மிகுந்து நிற்கும். ஆகவே பனியும் கோடையும் தொடங்கும் பருவத்தில் வெட்டுவர். வெட்டிய மரத்தை உடனே இழைப்பதில்லை. சிலகாலம் குளத்து நீரில் ஊறவைத்து, பின்னர் நிழலில் அடுக்கி, காற்றோட்டத்தில் மாதக்கணக்காக உலரவிடுவர். பச்சை மரம் உலரும்போது நெடுக்கில் அதிகம் சுருங்குவதில்லை. குறுக்கிலோ மிகுதியாகச் சுருங்கும். அவ்வாறு சுருங்கி முடியுமுன் அதனைக் கதவாகவோ நிலையாகவோ ஆக்கினால், பின்னர் அது முறுக்கிக்கொண்டு பிளக்கும்.

இணைப்பிலும் ஒரு நுட்பம். ஒரு சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, மற்றொன்றில் அதற்கேற்பத் துளை குடைந்து, மர ஆணியால் இறுக்குவர். இரும்பு ஆணி அடித்த மரம் துருவால் கெடும், பிரித்தால் உடையும். நாக்கும் துளையுமாக இணைத்த மரமோ, கெட்ட உறுப்பை மட்டும் கழற்றிப் புதுப்பிக்க இடந்தரும். முழு வீட்டையுமே பிரித்து வேறிடத்தில் எழுப்பலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குச் சென்றவர்கள், கேரளத்துப் புதுப்பள்ளியில் இருந்த 19-ஆம் நூற்றாண்டு மரவீடு ஒன்று அவ்வாறு பெயர்த்துக் கொணரப்பட்டு நிற்பதைக் கண்டிருப்பர்.

என் வீட்டு வேம்பு

இவற்றையெல்லாம் நான் நூல்களில் கற்றது பிற்காலத்தில். கற்கவேண்டிய காலத்தில் ஒரு தச்சர் எனக்குச் சொன்னார், நான் கேட்கவில்லை. அதனை இங்கு எழுதுவதற்கு எனக்குச் சிறிது கூச்சம் உண்டு. ஆயினும், பிழையை மறைத்து அறம் எழுதுவது பொருந்தாது.

1987-ஆம் ஆண்டு நாங்கள் எங்கள் வீட்டை விரித்துக் கட்டினோம். தை மாதம் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டோம். தலைவாயிலுக்குப் பெரிய கதவும், கூடத்துக்கு ஊஞ்சற்பலகையும் வேண்டும் என்பது என் ஆசை. கொல்லையில் என் மாமனார் காலத்து வேம்பு ஒன்று நின்றது. ஐப்பசி மாதம், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. தச்சர் மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டீச்சரம்மா, வேம்பு நல்ல மரம்தான், பூச்சி அரிக்காது. ஆனால் இப்போது வெட்டக் கூடாது. மாசி கழியட்டும். வெட்டிய பிறகும் ஓராண்டு போட்டு வைக்க வேண்டும். அவசரம் என்றால் இப்போதைக்குப் பழைய கதவையே மாட்டிக்கொள்ளுங்கள்."

புதிய வீட்டில் பழைய கதவா என்று நான் முகம் சுளித்தேன். மரம் வெட்டப்பட்டது. கிளை சாய்ந்தபோது அணிற்கூடு ஒன்று சிதறி விழுந்தது, குஞ்சுகள் இருந்தன. அன்று மாலை வரை தாயணில் மதிற்சுவர் மேல் ஓடி ஓடிக் கத்திக்கொண்டிருந்ததை நான் அடுக்களையிலிருந்து கேட்டேன். மார்கழியில் கதவு நிலைபெற்றது; தையில் விழா சிறப்பாக நடந்தது; வந்தவர் அனைவரும் கதவைப் புகழ்ந்தனர். சித்திரை வெயிலில் கதவு முறுக்கிக்கொண்டது. ஊஞ்சற்பலகை நடுவே பிளந்தது. இழைத்துப் பார்த்தோம், பட்டை அடித்துப் பார்த்தோம், பயனில்லை. நான்காம் ஆண்டில் இரண்டும் வெந்நீர் அடுப்புக்கு விறகாயின. தலைவாயிலில் மீண்டும் பழைய கதவே ஏறியது. அறுபது ஆண்டு வளர்ந்த மரம், என் அவசரத்தால் நான்கு ஆண்டுகளில் சாம்பலாயிற்று.

குற்றம் எங்கே உள்ளது?

தீங்கு நான்கு வகைப்படும் என்பதை நாம் அறிவோம். கருதிச் செய்யும் சங்கற்ப இம்சை. மனைவாழ்வின் செயல்களில் நேரும் ஆரம்ப இம்சை. தொழிலில் நேரும் உத்தியோக இம்சை. தற்காப்பில் நேரும் விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். வீடு கட்டுதல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆகவே மரம் வெட்டியதனாலேயே ஒருவன் அறம் வழுவியவன் ஆகான் என்று என் பேத்திக்கு ஒருவரியில் விடை கூறியிருக்கலாம்.

ஆனால் அவ்விடை என் வேம்பைக் காப்பாற்றவில்லை. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிர்க்கு ஊறு செய்தல் என்பதோடு நிறுத்தவில்லை. விழிப்பின்மையால் செய்யும் ஊறு என்று அடைகொடுத்தார். சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றி மண்ணை அகழ்தலையும், நீரையும் தீயையும் காற்றையும் கலக்குதலையும், செடிகொடிகளைத் துணித்தலையும் பயனில் தீங்குகளுள் சேர்த்தார். அதற்கு அவர் இட்ட பெயரும் விழிப்பின்மையைக் குறிப்பதே. பயனுக்காக வெட்டினேன் என்றுதான் நானும் எண்ணினேன். பருவம் பாராமல், கூடு பாராமல், உலரவிடாமல் செய்ததால் அந்தப் பயனையே அழித்தேன். வெட்டியது ஆரம்ப இம்சை. வீணாக்கியது அதனைவிடப் பெரிய குற்றம். முன்னதற்கு என் தேவை காரணம். பின்னதற்கு என் பெருமிதம் காரணம்.

இங்கு இளைஞர் சிலர் வேறொரு வழி கூறுவர்: "மரமே வேண்டா, சிமெண்டும் இரும்பும் கொண்டு கட்டினால் தீங்கில்லையே." கண்ணுக்கு எதிரே ஒரு மரம் விழாததால் எழும் எண்ணம் இது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல்லை மலையிலிருந்து பெயர்த்து, ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடுகின்றனர். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவது. காரைக்கு வேண்டிய மணலுக்காகப் பாலாறு எவ்வளவு தோண்டப்பட்டது என்பதை அதன் கரையில் வாழும் நம் குடும்பங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மண்ணுடல் உயிர், நீருடல் உயிர், தீயுடல் உயிர் என்று ஏடு பார்த்து ஒப்பித்துவிட்டு, மரம் ஒன்றையே உயிரென எண்ணுதல் நம் கொள்கையைப் பாதி படித்ததாகும். தீங்கில்லாப் பொருள் என ஒன்று இல்லை. ஆகவே வினா, எந்தப் பொருளால் கட்டுவது என்பதோடு முடிவதில்லை. எவ்வளவு கட்டுவது, எத்தனை காலத்துக்குக் கட்டுவது என்பதாக நீள்கிறது.

'எவ்வளவு' என்பதற்கு நம் விரதமே விடை. பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தில், வரையறை செய்யவேண்டிய பொருள்களின் பட்டியலில் நிலத்தை அடுத்து எண்ணப்படுவது வீடு. நகைக்கும் பணத்துக்கும் அளவு குறித்துக்கொள்வோர் உண்டு. அறைகளின் எண்ணிக்கைக்கு அளவு குறித்துக்கொண்ட சிராவகரை நான் அரிதாகவே கண்டுள்ளேன்.

'எத்தனை காலம்' என்பதற்கு ஜப்பான் நாட்டுத் தச்சர் ஒருவரின் கருத்து எனக்கு உதவிற்று. அந்நாட்டின் ஓர்யூஜி கோயிலில் 1,300 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மரக் கட்டடங்கள் நிற்கின்றன; உலகில் எஞ்சியுள்ள மரக் கட்டடங்களுள் அவையே மிகப் பழையவை எனப்படும். அவற்றைப் பழுதுபார்த்த நிசியோக்கா சுனெகாசு (1908-1995) என்னும் கோயில் தச்சர், ஆயிரம் ஆண்டு வளர்ந்த மரத்தைக் கொண்டு கட்டினால் அது கட்டடமாகவும் ஆயிரம் ஆண்டு நிற்கவேண்டும் என்று கற்பித்தவர். மரம் மண்ணில் நின்ற காலமேனும் மனையில் நிற்கட்டும் என்னும் இக்கணக்கு எவ்வளவு நேர்மையானது! இக்கணக்கின்படி என் வேம்புக்கு நான் ஐம்பத்தாறு ஆண்டுகள் கடன்பட்டவள். அதன் இடத்தில் ஒரு கன்று நட்டுவிட்டேன் என்று பல ஆண்டுகள் ஆறுதல் கொண்டிருந்தேன். நட்டது நன்றே, ஆனால் அது வேறோர் உயிர். ஒரு பிள்ளையைத் தத்தெடுத்ததனால் மற்றொரு பிள்ளைக்குச் செய்த தீங்கு இல்லையென்றாகாது.

உதிர்ந்த கனி

இலேசியைகளை விளக்க நம் முன்னோர் கூறும் நாவல் மரக் கதையைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். பசித்த அறுவர் பழம் நிறைந்த மரத்தைக் கண்டனர். ஒருவன் வேரோடு சாய்ப்போம் என்றான். ஒருவன் அடிமரத்தை வெட்டுவோம் என்றான். ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறுகிளையை என்றனர். ஐந்தாமவன் பழங்களை மட்டும் பறிப்போம் என்றான். ஆறாமவனோ கீழே உதிர்ந்து கிடப்பவையே நம் பசிக்குப் போதும் என்றான். பசி ஆறுபேர்க்கும் ஒன்றே. உள்ளத்தின் நிறந்தான் கரியதிலிருந்து வெண்மை வரை வேறுபட்டது.

ஓர் ஆசிரியைக்குரிய உரிமையோடு இக்கதையை வீடு கட்டுவோர்க்குப் பொருத்திப் பார்க்கிறேன். மனையை அகலமாக்கத் தோப்பையே அழிப்பவன் ஒருவன். தேவைக்கு மிஞ்சி, பிறர் காண மரத்தைக் குவிப்பவன் ஒருவன். தேவைக்கே வெட்டினும் காலமும் கூடும் பாராதவன் ஒருவன். அவ்விடத்தில் 1987-ஆம் ஆண்டின் என்னைக் காண்கிறேன். தேர்ந்து, பொறுத்து, உலர்த்தி, நெடுநாள் நிற்கக் கட்டுபவன் நான்காமவன். பத்மநாபபுரத்துத் தச்சர்களை நான் வியந்தது இதற்காகவே. தேவையையே சுருக்கி, பட்டுப்போன மரத்தாலும் புயலில் சாய்ந்த மரத்தாலும் நிறைவு கொள்பவன் ஐந்தாமவன். பழைய வீட்டின் மரத்தையே எடுத்துக்கொள்பவன், அல்லது பழைய வீட்டையே பழுதுபார்த்து வாழ்பவன் ஆறாமவன். உதிர்ந்த கனி அவனுக்குரியது.

இவ்விடை எனக்குத் தோன்றிய வேளையில் அதனைச் சோதிக்கவும் நேர்ந்தது. 2022-ஆம் ஆண்டு மழையில், வந்தவாசி வட்டத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் ஒருபக்கச் சுவர் சரிந்தது. நூறாண்டை நெருங்கிய வீடு. தம்பி மகன் அதனை இடித்துப் புதிதாகக் கட்ட முற்பட்டான். முற்றத்தைச் சுற்றி நான்கு தூண்கள், இரண்டு உத்திரங்கள், தலைவாயில் நிலை, பனைச் சட்டங்கள். பழைய மரம் வாங்குபவர் வந்து நல்ல விலை கூறினார்.

"அத்தை, இதை விற்றால் வீடு முழுவதுக்கும் புதுக்கதவு போட்டுவிடலாம். பழைய மரத்தில் வேலை செய்யக் கூலிதான் மிகும்" என்றான் அவன்.

அவன் கூறியதில் பிழையில்லை. விற்றாலும் அம்மரம் வேறொரு வீட்டில் வாழத்தான் போகிறது. ஆனால் நாம் வாங்கும் புதுக்கதவுக்கு எங்கோ ஒரு மரம் விழவேண்டும். என் வேம்பின் கதையை அவனுக்கு முதன்முறையாகச் சொன்னேன். மிகும் கூலியை என் ஓய்வூதியத்திலிருந்து தருவதாகவும் கூறினேன். அவன் இரண்டு நாள் எண்ணிப் பார்த்தான். வரைபடத்தில் ஓர் அறையைக் குறைத்துத் திண்ணைக்கு இடம் ஒதுக்கினான். நிலை அதே தலைவாயிலில் நின்றது. இரண்டு தூண்கள் திண்ணையைத் தாங்கின. உத்திரங்களை அறுத்து உள்ளறைக் கதவுகள் செய்தனர். எஞ்சிய இரு தூண்களை விற்றோம். மக்கிய பனைச் சட்டங்கள் அடுப்புக்குப் போயின. முழுவெற்றி என்று இதனைக் கூறமாட்டேன். புதிய சுவருக்கும் மணலும் சிமெண்டும் வாங்கத்தான் செய்தோம்.

புதுமனை புகுவிழாவன்று, வேலைக்குச் சென்றுவிட்ட என் பேத்தியும் வந்திருந்தாள். அந்நிலையைத் தொட்டுப் பார்த்து, "பாட்டி, இது கொள்ளுத் தாத்தா வீட்டுக் கதவு நிலைதானே?" என்றாள். ஆம் என்றேன். சிதறாலில் தங்கியோர் நிலையை எய்தும் வலிமை நமக்கு இப்பிறவியில் இல்லை. அதுவரை நம்மைத் தாங்க ஒரு கூரை வேண்டும். அக்கூரையைத் தாங்க ஓர் உயிர் வேண்டும். அவ்வுயிரைக் குறைவாகக் கேட்டு, நெடுங்காலம் காத்து, அடுத்தவர் கையில் கெடாமல் ஒப்படைத்தலே மனையுடையோர்க்கு இயன்ற கொல்லாமை. இதுவே அவளுக்கு நான் சொல்லவேண்டியிருந்த நாளைய விடை. அன்று அதனைச் சொன்னேன்.

நம் ஊர்களில் இடிபடக் காத்திருக்கும் பழைய வீடுகள் பல உள. விலைபேசுமுன், உள்ளே சென்று உத்திரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.